சிறைவாச விகிதம்: நாடுகளை ஒப்பிடும்போது எழும் கேள்விகள்

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கும் இளம் செய்தியாளர்களுக்கும் சிறைப் புள்ளிவிவரங்களைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரு முறை விளக்கியதைத் திரும்ப விளக்காமல் முந்தைய பதிலைச் சுட்டிவிட்டுப் போகிறேன். ஆகவே மேலிருந்து வரிசையாகப் படித்தால் எளிது.

சிறைவாச விகிதம்னா என்ன? ஒரு நாட்டுல எத்தனை குற்றவாளிங்க இருக்காங்கன்னு சொல்ற கணக்குதானே?

ஒரு குறிப்பிட்ட நாளில் சிறைக்குள் இருக்கும் ஆட்களை எண்ணி, அதை நாட்டின் மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று சொன்னால் அதுதான் சிறைவாச விகிதம். உலக அளவில் இது இன்று 140ஐ ஒட்டி இருக்கிறது. ஏறத்தாழ 1.1 கோடிப் பேர் உள்ளே இருக்கிறார்கள்.

அவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்று இந்த எண் சொல்லவில்லை. தண்டனை பெற்றவர், தீர்ப்புக்குக் காத்திருக்கும் விசாரணைக் கைதி, அபராதம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர், தடுப்புக் காவலில் இருப்பவர் என எல்லோரும் இதில் சேர்த்தி. பூட்டிய கதவுக்குப் பின்னால் எத்தனை பேர் என்பது மட்டுமே இதிலிருந்து தெரியும்.

மொத்தம் எத்தனை கைதின்னு சொன்னா போதாதா? எதுக்கு லட்சத்துக்கு இவ்வளவுன்னு சுத்தி வளைக்கணும்?

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். ரஷ்யாவில் அதையடுத்த ஆண்டு ஏறத்தாழ 4.3 லட்சம் பேர். மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்தியா ரஷ்யாவை விஞ்சிவிட்டதாகத் தோன்றும். மக்கள்தொகையால் வகுத்தால் இந்தியா 40ஐ ஒட்டியும் ரஷ்யா 300ஐ ஒட்டியும் நிற்கின்றன. ஏழு மடங்கு வித்தியாசம்.

வகுத்தாலும் ஒரு பள்ளம் உண்டு. 2014 அளவில் உலகிலேயே அதிக விகிதம் உள்ள நாடாக அமெரிக்காவை முந்திக்கொண்டு செஷல்ஸ் தீவுகள் வந்தன. அங்கே மக்கள் ஏறத்தாழ 90,000, கைதிகள் 700 சொச்சம். அந்தக் கைதிகளில் இந்தியப் பெருங்கடலில் பிடிபட்ட சோமாலியக் கடற்கொள்ளையர்களும் இருந்தார்கள். செஷல்ஸ் மக்களின் குணத்துக்கும் அந்த முதலிடத்துக்கும் பெரிய தொடர்பு கிடையாது. மிகச் சிறிய நாடுகளை நான் பட்டியலில் தனியாகத்தான் வைப்பேன்.

இந்த எண்ணெல்லாம் யார் எண்றாங்க? நம்பலாமா?

ஒவ்வொரு நாட்டின் சிறைத்துறையும்தான் எண்ணுகிறது. அவற்றைத் திரட்டி ஒரே வடிவில் தருவதை ராய் வாம்ஸ்லி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தொடங்கினார். உலகச் சிறை மக்கள்தொகைப் பட்டியலின் முதல் பதிப்பு 1999ல் வந்தது. இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் பர்க்பெக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வு நிறுவனம் அதைத் தொடர்கிறது. ஐரோப்பிய நாடுகளுக்கு ஐரோப்பிய மன்றம் தனிக் கணக்கு வெளியிடுகிறது. இந்தியாவுக்கு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை இருக்கிறது.

ஜனநாயக நாடுகளின் எண்களில் கூட்டல் பிழை அரிது. யாரை எண்ணினார்கள், யாரை விட்டார்கள் என்பதில்தான் சிக்கல். சீனா வெளியிடும் 16.9 லட்சம் என்ற எண் தண்டனை பெற்றவர்களை மட்டும் குறிக்கிறது. விசாரணைக்கு முன் அடைக்கப்பட்டவர்கள் அதில் இல்லை. சின்ஜியாங் முகாம்களில் வைக்கப்பட்ட உய்குர் மக்களும் அதில் இல்லை. அந்த எண்ணை இந்தியாவின் எண்ணோடு அப்படியே பக்கத்தில் வைப்பது தவறு, ஏனென்றால் நம் எண்ணில் முக்கால்வாசி விசாரணைக் கைதிகள்.

அமெரிக்காவுல ஜெயில் வேற, பிரிசன் வேறன்னு சொல்றாங்களே? கணக்குல அது பெரிய விஷயமா?

மிகப் பெரிய விஷயம். அமெரிக்காவில் ஜெயில் என்பது கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நடத்துவது. கைதானவர்கள், ஜாமீன் தொகை கட்ட முடியாதவர்கள், ஓராண்டுக்குட்பட்ட தண்டனை பெற்றவர்கள் அங்கே இருப்பார்கள். பிரிசன் என்பது மாநில அரசோ ஒன்றிய அரசோ நடத்துவது, நீண்ட தண்டனைக்கு உரியது. நம் ஊர்க் கிளைச் சிறைக்கும் மத்திய சிறைக்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

பழைய அமெரிக்க வரைபடங்கள் பலவும் பிரிசனை மட்டும் காட்டும். 1925 முதல் 1972 வரை அந்தக் கோடு 110ஐச் சுற்றியே ஓடியது. ஜெயிலையும் சேர்த்தால் 1972ல் 161, உச்சம் தொட்ட 2007ல் 767. பிரிசன் மட்டும் உள்ள பழைய எண்ணையும் இரண்டும் சேர்ந்த புதிய எண்ணையும் ஒரே கோட்டில் ஒட்டினால் உயர்வு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். இரண்டையும் கலந்த படங்கள் அடிக்கடி என் கைக்கு வருகின்றன. உண்மையான உயர்வே ஐந்து மடங்குக்கு அருகில் இருக்கும்போது அதை ஊதிக்காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

விகிதம் அதிகம்னா அந்த நாட்டுல குற்றம் அதிகம், கம்மின்னா குற்றம் கம்மி. இதுல யோசிக்க என்ன இருக்கு?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பதிலுக்குப் பின்லாந்துக்குப் போக வேண்டும். 1950ல் பின்லாந்தின் விகிதம் 187. பக்கத்திலிருந்த சுவீடன், நார்வே, டென்மார்க்கைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. உள்நாட்டுப் போர், சோவியத் ஒன்றியத்தோடு நடந்த இரண்டு போர்கள், கடுமையான பழைய தண்டனைச் சட்டம் ஆகியவை விட்டுச்சென்ற மிச்சம் அது. 1970களின் நடுவில்கூட 110ஐத் தாண்டியே இருந்தது. 1990களின் இறுதியில் 60ஐ ஒட்டி வந்து அண்டை நாடுகளோடு சேர்ந்துகொண்டது.

இடையில் நடந்தது திட்டமிட்ட வேலை. இன்கெரி அன்டிலா, பட்ரிக் டர்னுட் போன்ற குற்றவியல் அறிஞர்கள் அரசுக்குள் இருந்தே இதை முன்னெடுத்தார்கள். அன்டிலா 1975ல் நீதி அமைச்சராகவும் இருந்தார். திருட்டுக்கான தண்டனைக் காலம் குறைக்கப்பட்டது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களை நேராகச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதில் அபராதமும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் வழக்கமாயின. 1990களில் குறுகிய சிறைத் தண்டனைக்கு மாற்றாகச் சமூகப் பணி வந்தது. இவற்றில் எதுவும் தேர்தல் மேடையில் முழங்கப்பட்டதல்ல. அமைச்சக அதிகாரிகளும் நீதிபதிகளும் பேராசிரியர்களும் ஒரே திசையில் பொறுமையாக நடந்ததன் பலன்.

குற்றம் என்ன ஆனது? 1950 முதல் 2000 வரை நான்கு நார்டிக் நாடுகளின் பதிவான குற்றங்களை ஒரே படத்தில் வரைந்தால் கோடுகள் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே சமனாகின்றன. பின்லாந்து கைதிகளைக் குறைத்துக்கொண்டே போனது, மற்ற மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. குற்றத்தின் போக்கு பின்லாந்தில் மட்டும் தனியாக விலகவில்லை. சிறைவாச விகிதத்தைக் குற்றத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்வோருக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான்.

அப்போ அமெரிக்காவுல எதனால அப்படி ஏறுச்சு?

1973ல் ஆல்ஃபிரட் பிளம்ஸ்டைன், ஜாக்குலின் கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சமூகம் தண்டிக்கும் அளவு காலப்போக்கில் நிலையாகவே இருக்கும் என்பது அவர்களின் கருத்து. ஐம்பது ஆண்டுகளாக அசையாமல் இருந்த அமெரிக்க விகிதம் அதற்குச் சான்று. அதே ஆண்டில்தான் ஏற்றம் தொடங்கியது. அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று கையிலிருந்த தரவை வைத்து வேறு யாரும் வேறு மாதிரி சொல்லியிருக்க முடியாது.

1960களிலிருந்து வன்முறைக் குற்றம் அமெரிக்காவில் உண்மையாகவே உயர்ந்தது. மக்களின் பயம் கற்பனை இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு அரசியல் தந்த பதில் ஒரே வகைப்பட்டது. 1973ல் நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லர் கொண்டுவந்த போதைப்பொருள் சட்டம் சில பத்து கிராம் ஹெராயின் விற்றவருக்குக் குறைந்தது 15 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை என்றது. 1984ல் ஒன்றியச் சிறைகளில் பரோலை, அதாவது தண்டனை முடியுமுன் நிபந்தனையோடு விடுவிப்பதை, ஒழிக்கும் சட்டம். 1986ல் போதைப்பொருளுக்குக் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை. 1994ல் கலிபோர்னியாவில் மூன்றாவது குற்றத்துக்கு 25 ஆண்டு முதல் ஆயுள். அதே ஆண்டில், தண்டனைக் காலத்தில் 85 சதவீதத்தைக் கழிக்கவைக்கும் மாநிலங்களுக்குச் சிறை கட்ட ஒன்றிய அரசே பணம் தந்தது.

அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2014ல் வெளியிட்ட விரிவான அறிக்கை 1980 முதல் 2010 வரையிலான மாநிலச் சிறைகளின் வளர்ச்சியைப் பிரித்துப் பார்த்தது. கைதானவர்களில் சிறைக்கு அனுப்பப்படும் பங்கு கூடியதும், உள்ளே இருக்கும் காலம் நீண்டதும் ஏறத்தாழச் சமமாக அந்த வளர்ச்சியைத் தந்தன. இந்தச் சுமை எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழவில்லை. 2000ல் ஒரு லட்சம் வெள்ளை ஆண்களுக்கு ஏறத்தாழ 450 பேர் பிரிசனில் இருந்தபோது, ஒரு லட்சம் கறுப்பின ஆண்களுக்கு ஏறத்தாழ 3,450 பேர் இருந்தார்கள். நாட்டுச் சராசரி என்று ஒரே எண்ணைச் சொல்லும்போது இந்த வேதனை அதற்குள் மறைந்துபோகிறது.

அமெரிக்கச் சிறையில இருக்கறவங்க எல்லாம் போதைப்பொருள் கேஸுதான், அவங்களை விட்டுட்டா பிரச்சினை தீர்ந்துடும்னு படிச்சேனே?

ஒன்றிய அரசின் சிறைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் போதைப்பொருள் வழக்குக்காரர்கள் என்பது உண்மை. ஆனால் அமெரிக்கக் கைதிகளில் பெரும்பாலோர் இருப்பது மாநிலச் சிறைகளில். அங்கே இப்போது ஏழில் ஒருவர்தான் போதைப்பொருள் குற்றத்துக்காக இருக்கிறார், பாதிக்கும் மேற்பட்டோர் வன்முறைக் குற்றத்துக்காக. போதைப்பொருள் கைதிகள் அனைவரையும் நாளைக்கே விடுவித்தாலும் அமெரிக்க விகிதம் மேற்கு ஐரோப்பாவைவிடப் பல மடங்கு மேலேதான் நிற்கும். வன்முறைக் குற்றத்துக்கு எத்தனை ஆண்டு போதும் என்ற கடினமான கேள்வியைத் தொடாமல் அந்த எண்ணைப் பெரிதாகக் குறைக்க வழியில்லை.

உள்ளே இருக்கறவங்க எண்ணிக்கையும், வருஷத்துக்கு உள்ளே போறவங்க எண்ணிக்கையும் ஒண்ணுதானே?

இல்லை. ஒரு சிறைக்கு ஆண்டுக்கு 1,200 பேர் வந்து ஆளுக்கு ஒரு மாதம் இருந்தால் எந்த நாளில் எண்ணினாலும் உள்ளே 100 பேர். இன்னொன்றுக்கு ஆண்டுக்கு 10 பேர் மட்டும் வந்து ஆளுக்குப் பத்தாண்டு இருந்தால் அங்கேயும் 100 பேர். விகிதம் ஒன்றுதான். ஆனால் முதல் ஊரில் சிறையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள், இரண்டாவது ஊரில் அரிது.

நார்டிக் நாடுகள் நிறையப் பேரைச் சில வாரங்களுக்கு அனுப்புகின்றன. அதனால் விகிதம் தாழ்வாகத் தெரிகிறது. அமெரிக்க ஜெயில்களில் எந்த நாளிலும் ஏழு லட்சத்தை ஒட்டித்தான் ஆட்கள், ஆனால் 2010களில் ஆண்டுக்கு ஒரு கோடி முறைக்கு மேல் உள்ளே அனுப்பினார்கள். இலங்கையில் தண்டனைக் கைதிகளாக உள்ளே போவோரில் பெரும் பகுதியினர் அபராதம் கட்ட முடியாதவர்கள். குறுகிய காலம் இருந்துவிட்டு வெளியே வருகிறார்கள். ஒரு நாள் கணக்கில் அவர்கள் பெரிதாகத் தெரியமாட்டார்கள். ஒரு ஏழைக் குடும்பத்துக்கு அந்த ஒரு மாதம் என்ன செய்யும் என்பதை இந்த விகிதத்திடம் கேட்டுப் பயனில்லை.

நிறைய பேரை உள்ள போட்டதாலதான் 1990கள்ல அமெரிக்காவுல குற்றம் சரிஞ்சதுன்னு சொல்றாங்க. அதுல நியாயம் இருக்குதானே?

கொஞ்சம் இருக்கிறது. உள்ளே இருப்பவர் அந்த நேரத்தில் வெளியே திருட முடியாது. அதை மறுப்பவர் யாருமில்லை. எவ்வளவு என்பதில்தான் சண்டை.

இதற்குக் கனடாவைப் பார்க்கச் சொல்வேன். அங்கும் குற்றம் 1990களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டு, பிறகு அமெரிக்காவோடு சேர்ந்தே சரிந்தது. ஆனால் கனடாவின் சிறைவாச விகிதம் அந்தக் காலம் முழுவதும் 100 சொச்சத்திலேயே நின்றது. பக்கத்து வீட்டில் மருந்து கொடுக்காமலே காய்ச்சல் இறங்கியிருக்கும்போது, இறங்கியதெல்லாம் மருந்தால்தான் என்று சொல்ல முடியாது. இன்னொரு விஷயமும் உண்டு. விகிதம் 150ல் இருக்கும்போது கூடுதலாக அடைக்கப்படும் நபரும், 700ல் இருக்கும்போது கூடுதலாக அடைக்கப்படும் நபரும் ஒரே அளவு ஆபத்தானவர்கள் அல்லர். மேலே போகப் போகச் சிறு குற்றக்காரர்களும், வயதாகி ஓய்ந்தவர்களும் உள்ளே வருகிறார்கள். செலவு அதேதான், பலன் சுருங்குகிறது.

நெதர்லாந்துல குற்றவாளியே இல்லாம ஜெயிலை எல்லாம் மூடிட்டாங்களாமே?

வாட்ஸப்பில் சுற்றும் இந்தச் செய்தியில் பாதி உண்மை. சிறைகளை மூடினார்கள். காலியான இடங்களை வாடகைக்கும் விட்டார்கள். 2010 முதல் 2016 வரை டில்பர்க் நகரச் சிறையில் பெல்ஜியத்தின் கைதிகளும், 2015 முதல் 2018 வரை நார்கர்ஹேவன் சிறையில் நார்வேயின் கைதிகளும் இருந்தார்கள். குற்றவாளிகள் இல்லாமல் போகவில்லை. இன்றும் அந்நாட்டின் விகிதம் 60ஐ ஒட்டி, இந்தியாவைவிட மேலே இருக்கிறது.

முழுக் கதைக்கு இன்னும் பின்னால் போக வேண்டும். 1970களின் நடுவில் நெதர்லாந்தின் விகிதம் 20ஐ ஒட்டித்தான் இருந்தது. மென்மையான தண்டனைக்கு உலகம் முழுக்க அதை உதாரணம் காட்டினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் அது 120ஐத் தாண்டியது. 2005க்குப் பிறகு பத்தாண்டில் பாதியாகியது. ஏறும்போது போதைப்பொருள் கடத்தல் வழக்குகளும் நீண்ட தண்டனைகளும் பங்கு வகித்தன. இறங்கும்போது பதிவான குற்றங்கள் குறைந்ததும், சமூகப் பணித் தண்டனை பரவியதும் சேர்ந்துகொண்டன. ஒரே நாடு, ஒரே மக்கள், ஐம்பது ஆண்டுக்குள் மூன்று முகம். சிறைக் கணக்கை ஒரு தேசத்தின் பண்பாட்டோடு முடிச்சுப்போடுபவர்கள் இந்த நாட்டின் கோட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நார்டிக் நாடுகளும் அப்படியே உறைந்துவிடவில்லை. கும்பல் துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகு சுவீடன் தண்டனையைக் கடுமையாக்கி வருகிறது, விகிதம் ஏறுகிறது. டென்மார்க் இடம் போதாமல் கொசோவோவில் 300 அறைகளை வாடகைக்குப் பேசியிருக்கிறது.

இந்தியாவுல வெறும் 40தான். அப்போ நாம ரொம்ப நல்ல நிலைமையில இருக்கோம்னு எடுத்துக்கலாமா?

எண் தாழ்வானதுதான். ஆனால் அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 2022 இறுதியில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது 75.8 சதவீதம். 2010ல் இது 65 சதவீதம். இந்தக் காலத்தில் மொத்த எண்ணிக்கையும் 3.69 லட்சத்திலிருந்து ஏறியது. கூடுதலாக வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தீர்ப்பு வராதவர்கள்தான். 2022 இறுதியில் நம் சிறைகள் கொள்ளளவில் 131 சதவீதம் நிரம்பியிருந்தன. விகிதம் 40 என்பதற்கும் அறைக்குள் காலை நீட்ட இடமில்லை என்பதற்கும் முரண்பாடு எதுவும் இல்லை.

வழக்கு முடியாததால் தண்டனை பெற்றவர் எண்ணிக்கை குறைவு, வழக்கு முடியாததால்தான் விசாரணைக் கைதி எண்ணிக்கை அதிகம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களைக் கணக்கிட்டாலே பத்து லட்சம் பேருக்கு ஏறத்தாழ 21 நீதிபதிகள். 1979ல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் பீகார் சிறைகளின் நிலை உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தாங்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம் விசாரணைக்காகவே உள்ளே கிடந்தவர்கள் அங்கே இருந்தார்கள். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. அதிகபட்சத் தண்டனையில் பாதியைக் கழித்த விசாரணைக் கைதியை ஜாமீனில் விட வேண்டும் என்ற விதி 2005ல் வந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், முதல் முறை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அதை மூன்றில் ஒன்றாகக் குறைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள் என்பது எனக்கு இன்றும் தாங்க முடியாத எண்.

தமிழ்நாட்டுக்கு ஒரு தனிக் குறிப்பு. 1982ன் குண்டர் தடுப்புச் சட்டத்தில் ஒருவரை விசாரணையின்றி 12 மாதம் வரை வைக்கலாம். தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக நாட்டின் முதல் வரிசையில் நிற்கிறது. மொத்த விகிதத்தில் அது சிறு துளி என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

ரஷ்யாவுல பாதிக்கு மேல குறைஞ்சிருக்கே. அங்கேயும் பின்லாந்து மாதிரி சீர்திருத்தமா?

கொஞ்சம் சீர்திருத்தம், மீதி வேறு கதை. 2000ல் ரஷ்யச் சிறைகளில் பத்து லட்சத்துக்கு மேல் இருந்தார்கள், விகிதம் 729. அன்று அமெரிக்காவும் ரஷ்யாவும்தான் பெரிய நாடுகளில் முதலிரண்டு இடங்கள். பிறகு பொதுமன்னிப்புகளும், 2003ன் சட்டத் திருத்தங்களும், சிறை அல்லாத தண்டனைகளும் எண்ணைச் சீராக இறக்கின. 2022ன் நடுப்பகுதியிலிருந்து வாக்னர் என்ற தனியார் படை, பின்னர் ராணுவமே, கைதிகளை உக்ரைன் போருக்கு அள்ளிச் சென்றன. அதன் பிறகு குறைந்ததைப் பின்லாந்தின் சரிவோடு ஒரே சொல்லால் குறிக்க எனக்கு மனம் வராது.

ஒரே வருஷத்துல மளமளன்னு இறங்கினா அதை எப்படிப் புரிஞ்சுக்கறது?

முதலில் பொதுமன்னிப்பு உண்டா என்று பாருங்கள். இத்தாலி 2006ல் நெரிசலுக்குப் பயந்து மூன்றாண்டு வரை தண்டனைக் குறைப்பு தந்தது. ஏறத்தாழ 60,000 பேர் இருந்த சிறைகளில் சில வாரங்களில் 40,000க்கும் கீழே இறங்கியது. சட்டம் மாறவில்லை, ஆகவே சில ஆண்டுகளில் மறுபடி நிரம்பிவிட்டது. 2006 ஜூலையை எடுத்தவருக்கு ஓர் இத்தாலி, 2006 செப்டம்பரை எடுத்தவருக்கு வேறு இத்தாலி. 2020ன் கொரோனா ஆண்டும் அப்படிப்பட்டதே. நீதிமன்றங்கள் மூடிக்கிடந்ததால் உள்ளே போவது குறைந்தது. அந்த ஆண்டைத் தொடக்கப் புள்ளியாகவோ முடிவுப் புள்ளியாகவோ வைத்து யாராவது போக்கு என்று சொன்னால், ஐந்தாண்டு முன்னும் பின்னும் காட்டச் சொல்லுங்கள்.

மனநல மருத்துவமனைகளை மூடினதாலதான் அமெரிக்கச் சிறை நிரம்புச்சுன்னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். உண்மையா?

இந்தச் சிந்தனைக்கு வயது அதிகம். 1939ல் லயனல் பென்ரோஸ் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 18 ஐரோப்பிய நாடுகளைப் பார்த்து, மனநல மருத்துவமனைப் படுக்கைகள் அதிகமுள்ள நாட்டில் கைதிகள் குறைவு என்றார். அமெரிக்காவில் 1955ல் அரசு மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5.6 லட்சம் பேர் இருந்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் பெரும்பாலான வார்டுகள் காலியாயின. சிறை ஏறத் தொடங்கியதும் அதே காலம்தான்.

இரண்டு கோடுகள் பொருந்துகின்றன, ஆட்கள் பொருந்தவில்லை. மருத்துவமனைகளில் இருந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள், முதியவர்கள் நிறைய, பெரும்பாலும் வெள்ளையர். சிறைக்குள் வந்தவர்கள் இளம் ஆண்கள், பெரும் பங்கு கறுப்பினத்தவர். 1980 முதல் 2000 வரையிலான உயர்வில் 4 முதல் 7 சதவீதம் வரை இதனால் வந்திருக்கலாம் என்பது பொருளியல் ஆய்வாளர்களின் மதிப்பீடு. சிறைகளில் மனநோயாளிகள் சிகிச்சையின்றிக் கிடப்பது பெரிய அநீதி. ஆனால் 161ஐ 767 ஆக்கியது அது இல்லை.

எல் சால்வடோரைப் பாருங்க சார். எல்லாரையும் உள்ள போட்டாங்க, கொலையே நின்னுபோச்சு. பின்லாந்து கதையெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்குமா?

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 2022 மார்ச்சில் அறிவித்த அவசர நிலைக்குப் பிறகு எல் சால்வடோரில் 80,000 பேருக்கு மேல் கைது செய்யப்பட்டார்கள். விகிதம் 1,000ஐத் தாண்டி உலகின் முதலிடத்துக்குப் போனது. கொலைகள் மிகவும் குறைந்தன, தெருவில் நடக்க மக்களுக்குப் பயம் போயிற்று. கும்பல்களுக்கு மாமூல் கட்டி வாழ்ந்தவர்களின் நிம்மதியைச் சிறுமைப்படுத்த எனக்கு உரிமையில்லை.

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். 2015ல் லட்சத்துக்கு 100ஐத் தாண்டியிருந்த கொலை விகிதம், அவசர நிலைக்கு முந்தைய 2021லேயே 18க்கு வந்துவிட்டது. பெரும் சரிவு பெருங்கைதுக்கு முன்னால் நடந்தது. 18லிருந்து 2024க்குள் 2க்கு அருகில் வந்ததில் கைதுகளுக்குப் பங்கு உண்டு என்று நானும் நினைக்கிறேன். அதன் விலை என்ன? தவறாகப் பிடித்த ஏறத்தாழ 8,000 பேரை விடுவித்ததாக அதிபர் நயீப் புக்கேலே தாமே சொன்னார். அமெரிக்கா ஏறும்போது அதன் பலன் பற்றிய விவாதம் முடிய முப்பது ஆண்டு ஆனது. இங்கே கடந்திருப்பது சில ஆண்டுகள். விசாரணையே நடக்காத பல்லாயிரம் பேரை எப்போது, எப்படி வெளியே விடுவது என்பதற்கு அந்த அரசிடம் வழி இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகுதான் ஒப்பீடு முழுமையாகும்.

ஒரு நாட்டுக்கு ஒரே எண் போதுமா?

போதாது. அமெரிக்காவின் கறுப்பின ஆண்கள் பற்றி மேலே சொன்னேன். ஆஸ்திரேலியாவில் 1991ல் பூர்வகுடி மக்களின் காவல் மரணங்களை விசாரித்த அரச ஆணையம் அறிக்கை தந்தபோது கைதிகளில் 14 சதவீதத்தினர் பூர்வகுடிகள். அந்த ஆணையம் இதைக் குறைக்கப் பல பரிந்துரைகள் செய்தது. இன்று அவர்கள் மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்குக் கீழே, சிறையில் மூன்றில் ஒரு பங்கு. நாட்டின் மொத்த விகிதம் 160ஐ ஒட்டித்தான். அந்த எண்ணை மட்டும் பார்த்தவருக்கு ஆஸ்திரேலியாவில் இப்படி ஒரு துயரம் நடப்பதே தெரியாது.

வயதும் அப்படியே. ஜப்பானில் 2006ல் 63 ஆக இருந்த விகிதம் இன்று ஏறத்தாழ அதில் பாதி. அதே நேரம் 65 வயது தாண்டிய கைதிகளின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. அவர்களில் பலர் கடையில் சோறும் துணியும் திருடி மறுபடி மறுபடி வருபவர்கள், தனியாக வாழ்பவர்கள்.

மக்கள்தொகையால வகுக்கறதுக்குப் பதிலா குற்றத்தால வகுத்தா நியாயமா இருக்காதா? ஒரு கொலைக்கு எத்தனை கைதின்னு?

நல்ல கேள்வி. புகார் கொடுக்கும் பழக்கமும் எண்ணும் முறையும் நாட்டுக்கு நாடு மாறுவதால் திருட்டையோ பாலியல் குற்றத்தையோ வைத்து வகுக்க முடியாது. பிணத்தை மறைப்பது கடினம் என்பதால் கொலை மட்டுமே ஓரளவு ஒப்பிடத்தக்கது. அதை வைத்தே போட்டுப் பார்ப்போம்.

2022 அளவில் அமெரிக்காவின் விகிதம் 550ஐ ஒட்டி, கொலை லட்சத்துக்கு 6 சொச்சம். ஒரு கொலைக்கு 80 கைதிகளுக்கு மேல். இந்தியாவில் 28,522 கொலைகள், ஒரு கொலைக்கு 20 கைதிகள். ஜப்பானில் விகிதம் 40க்கும் கீழே, கொலை லட்சத்துக்கு 0.3ஐக்கூடத் தொடவில்லை. ஒரு கொலைக்கு 100 பேருக்கு மேல் வருகிறது. இந்தக் கணக்கை நம்பினால் ஜப்பான் அமெரிக்காவைவிடக் கொடிய தண்டனை நாடு.

காரணம் எளிது. ஜப்பான் கைதிகளில் பெரும்பாலோர் திருட்டுக்கும் போதைப்பொருளுக்கும் உள்ளே இருப்பவர்கள், கொலையோ அபூர்வம். கீழே உள்ள எண் அவ்வளவு சிறியதாகும்போது மேலே உள்ள எண் எதுவாக இருந்தாலும் விடை எகிறும். ஆகவே நான் ஒரு நாட்டை எழுதும்போது ஒரே எண்ணாகச் சுருக்குவதில்லை. சிறைவாச விகிதம், கொலை விகிதம், விசாரணைக் கைதிகளின் பங்கு, ஆண்டுக்கு உள்ளே போனவர்கள் என்று நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது முப்பது ஆண்டுக் கோடு. முப்பது ஆண்டு கிடைக்காத நாட்டுக்குக் கிடைத்த ஆண்டுகளை மட்டும் வரைந்து, மீதி இடத்தை வெறுமையாகவே விட்டுவிடுகிறேன்.